எங்கே நின்று பேசுகிறாய்? பிரிங்கும் டேக்கும்

பள்ளிக்கூடத்தில் நமக்குக் கிடைத்த ஆங்கிலச் சொற்பட்டியலில் ஒரு கோளாறு உண்டு. பிரிங் என்றால் கொண்டு வா, டேக் என்றால் எடு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரி. ஜோடியாக வைத்துப் பார்த்தால்தான் இடிக்கும். கொண்டு வா என்பதற்கு எதிரே நிற்க வேண்டியது கொண்டு போ. அந்த நாற்காலியில் எடு வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே கொண்டு போ என்று சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் நம் கையில் ஆங்கிலச் சொல் இருப்பதில்லை. சிலர் கேரி என்கிறார்கள். சிலர் ஷிஃப்ட் என்று ஒப்பேற்றுகிறார்கள். மிச்சம் பேர் எல்லாவற்றுக்கும் பிரிங் போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நான் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் நர்சுகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஓ.இ.டி. தேர்வுக்கு. மருத்துவத் துறைக்காரர்களுக்கென்றே உள்ள ஆங்கிலத் தேர்வு அது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் எழுதுவது. நோயாளியின் குறிப்புகளைப் படித்து 45 நிமிடத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். பேச்சுத் தேர்வில் இரண்டு நடிப்பு: நீங்கள் நர்ஸ், எதிரே இருப்பவர் நோயாளி, இல்லையென்றால் நோயாளியின் அம்மா, மகன், யாரோ ஒருவர். கருங்கல், அருமனை, குலசேகரம், புதுக்கடை, தக்கலை என்று சுற்றுவட்டாரம் முழுக்க இருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு. இலக்கணத்தில் யாரும் மோசமில்லை. பாஸ்ட் பெர்ஃபெக்ட் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலை வாருவது இந்த மாதிரிச் சின்னச் சொற்கள்தான்.

வகுப்பில் நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் காட்சி இது. மூன்றாவது மாடியில் வார்டு. ஆபரேஷன் தியேட்டர் கீழ்த்தளத்தில். தியேட்டரிலிருந்து வார்டுக்கு போன் வருகிறது. "பிரிங் ஹெர் டவுன், ப்ளீஸ்." வார்டு நர்ஸ் சொல்கிறாள்: "ஓகே, ஐ வில் பிரிங் ஹெர் டவுன் நவ்." போனை வைத்துவிட்டு, பக்கத்தில் மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கும் தோழியைப் பார்த்துச் சொல்கிறாள்: "ஐ ஆம் டேக்கிங் ஹெர் டவுன்." அதே நோயாளி, அதே கட்டில், அதே லிஃப்ட். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே ஓடியது ஐந்து விநாடி. வினைச்சொல் மட்டும் மாறிவிட்டது. லிஃப்டில் நோயாளி பயந்துபோய்க் கேட்கிறார், "வேர் ஆர் யூ டேக்கிங் மீ?" தியேட்டர் வாசலில் கட்டிலை நிறுத்திவிட்டு நர்ஸ் சொல்கிறாள், "ஐ ஹேவ் பிராட் த பேஷண்ட் ஃப்ரம் வார்டு த்ரீ." மேலே திரும்பி வந்ததும் சிஸ்டர் கேட்கிறார், "டிட் யூ டேக் ஹெர் டவுன்?"

இதை நம் பேச்சில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தியேட்டர்க்காரர்: "கீழ கொண்டு வாங்க." நர்ஸ் போனில்: "இதோ கொண்டு வாறேன்." தோழியிடம்: "கீழ கொண்டு போறேன்." நோயாளி: "என்னை எங்க கொண்டு போறிய?" வாசலில்: "மூணாம் வார்டு பேஷண்டக் கொண்டு வந்திருக்கேன்." மேலே சிஸ்டர்: "கொண்டு போயாச்சா?" ஒரு இடத்திலும் பிசகவில்லை. வா வருகிற இடமெல்லாம் பிரிங். போ வருகிற இடமெல்லாம் டேக். எந்தக் கோச்சிங் சென்டரும் சொல்லித்தராமலே நம் நாக்கு இதைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. இப்படியிருந்தும் ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் ஏன் தடுக்கி விழுகிறோம் என்றால், மேலே சொன்ன அந்தப் பட்டியலால்தான் என்பது என் கட்சி.

ஒருமுறை இதை நடத்திக்கொண்டிருந்தபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் சலித்துக்கொண்டாள்: "டீச்சர், பிரிங்னா என்ன, டேக்னா என்ன? பேஷண்ட் போய்ச் சேந்தா போதாதா?" வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவளுக்கே பாதியில்தான் புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். போய்ச் சேர்ந்தார் என்றால் நம்மூரில் வேறு அர்த்தமாயிற்றே. வந்து சேர்ந்தார் என்று மாற்றினால் நோயாளி பிழைத்துக்கொள்வார். "பாத்தியா மக்களே, வாவுக்கும் போவுக்கும் எவ்வளவு தூரம்னு" என்று சொல்லிவிட்டு மேலே நடத்தினேன்.

அவள் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பிரிங்குக்குப் பதில் டேக் சொன்னதற்காக யாரும் உங்களை ஃபெயில் ஆக்கப் போவதில்லை. எதிரே இருப்பவர் பெரும்பாலும் புரிந்துகொள்வார். ஆனால் ஆஸ்பத்திரி போனில் ஒரு சிக்கல் இருக்கிறது. "வி கேன் டேக் ஹெர் அட் ஃபோர்" என்று ஒரு வார்டு சொன்னால், நாலு மணிக்கு நாங்கள் அவரை ஏற்றுக்கொள்கிறோம், கட்டில் தயார் என்று அர்த்தம். தியேட்டரில் இருப்பவரிடம் நீங்கள் "ஐ வில் டேக் த பேஷண்ட்" என்றால், கொண்டு வருகிறேன் என்று அவர் காதில் விழாமல், நான் பொறுப்பெடுத்துக்கொள்கிறேன் என்று விழ இடமிருக்கிறது. அவர் அங்கே காத்திருப்பார், நீங்கள் இங்கே காத்திருப்பீர்கள். நடுவில் நோயாளி.

சரி, விதி என்ன? இலக்கணப் புத்தகங்களில் ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள். பேசுகிறவரை நோக்கி வந்தால் பிரிங், விலகிப் போனால் டேக். இது பாதி உண்மை. போனில் "ஐ வில் பிரிங் ஹெர் டவுன்" என்றவள் நோயாளியைத் தன்னை நோக்கிக் கொண்டு வரவில்லை. தன்னிடத்தை விட்டுத்தான் போகிறாள். ஆனாலும் பிரிங். காரணம், கேட்கிறவர் அங்கே நிற்கிறார். பேசுகிறவர் இருக்கும் இடம், கேட்கிறவர் இருக்கும் இடம், இரண்டில் எதை நோக்கி நகர்ந்தாலும் பிரிங். இரண்டு பேரும் இல்லாத மூன்றாவது இடத்துக்கு நகர்ந்தால் டேக். நீங்கள் நாகர்கோவிலில் இருக்கும் அத்தைக்கு போன் பண்ணி "நாளைக்கு வாறேன், பலாப்பழம் கொண்டு வாறேன்" என்கிறீர்கள். வீட்டில் அம்மாவிடம் "அத்த வீட்டுக்குப் போறேன், பலாப்பழம் கொண்டு போறேன்" என்கிறீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் நாள்கணக்கில் கடலிலேயே கிடப்பவர்கள். வயர்லெஸ்ஸில் பக்கத்துப் போட்டுக்காரரிடம் பேசும்போது "நாங்க கரைக்குப் போறோம்" என்பார்கள். கரையில் இருக்கும் வீட்டுக்காரியிடம் பேசினால் "கரைக்கு வாறோம்." போட்டின் மூக்கு ஒரே திசையில்தான் இருக்கிறது. பேச்சு யாரிடம் போகிறதோ அதற்குத் தக்க வினை திரும்பிக்கொள்கிறது.

கேட்கிறவர் இருக்கும் இடத்துக்கு நகரும்போதும் வா என்று சொல்வது எல்லா மொழிக்கும் பொதுவான வழக்கம் இல்லை. ஸ்பானிஷ்காரர் உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டே போனில் "போறேன்" என்றுதான் சொல்வார். ஜப்பான்காரரும் அப்படியே. "இதோ வாறேன்" என்று சொல்லும் தமிழரும் "கமிங்" என்று கத்தும் ஆங்கிலேயரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. ஸ்பானிஷ்காரர் மெனக்கெட்டுப் படிக்க வேண்டியதை நாம் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறோம். அதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் எனக்கு ஆற்றாமை.

சார்லஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1971இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சில சொற்பொழிவுகள் நடத்தினார். அதில் ஒன்று முழுக்க கம், கோ என்ற இரண்டு வினைகளைப் பற்றியது. பிரிங், டேக் இரண்டும் அவற்றின் பிள்ளைகள்தானே. அவர் கவனித்த நுட்பங்களில் எனக்குப் பிடித்தது வீடு பற்றியது. பேசுகிறவர் அங்கே இல்லாவிட்டாலும் அவருடைய வீட்டுக்குக் கம் போடலாம். "நான் இல்லாத நேரம் பார்த்து அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார்" என்று நாமும் சொல்வோம். நான் பஹ்ரைனில் இருந்தாலும் குழித்துறையில் இருக்கும் என் வீட்டுக்குத் தபால்காரர் வருவார்தான், போக மாட்டார். வேறொருவர் வீட்டுக்குத்தான் அவர் போவார்.

கதை எழுதுகிறவர்களுக்கு இதில் இன்னொரு வசதி. "அவன் அவளுக்குப் பூ கொண்டு போனான்" என்றால் நாம் அவனோடு நடக்கிறோம். "அவன் அவளுக்குப் பூ கொண்டு வந்தான்" என்றால் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் வருவதைப் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் டுக், பிராட் இரண்டையும் மாற்றிப் போட்டால் இதே வேலை நடக்கிறது.

வரலாற்றிலும் இப்படித்தான். 1806இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார் என்றே நாம் எழுதுகிறோம். அவருடைய சொந்த ஊரில் அவர் போனவர்.

இப்போது நான் நெடுநாளாகச் சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறேன். வா, போ என்பவற்றை யார் இருக்கும் இடம் என்று பார்த்துப் பிரிக்கும் இந்தக் கணக்கை 1971 வரை நாம் காத்திருந்து தெரிந்துகொள்ளவில்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இருக்கிறது. செலவு (போவது), வரவு, தரவு, கொடை என்று நான்கு சொற்களைத் தொல்காப்பியர் எடுத்துக்கொள்கிறார். பிறகு சொல்கிறார்: "தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த." அடுத்த வரி, "ஏனை இரண்டும் ஏனை இடத்த." வா, தா இரண்டும் எனக்கும் உனக்கும். போ, கொடு இரண்டும் அவனுக்கு. பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரு பக்கம், மற்ற உலகம் மறுபக்கம். பிரிங், டேக் விதியை இதைவிடச் சுருக்கமாக நான் எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இந்த நூலோடு எங்கள் மாவட்டத்துக்கு ஒரு சொந்தம் கொண்டாடல் உண்டு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோடுதான் அது என்று இங்கே எல்லோரும் சொல்வோம். வேறு ஊர்க்காரர்கள் தலையை ஆட்டிச் சிரித்தால் சிரிக்கட்டும். எனக்குப் பிடித்தது அந்தப் பாண்டியனின் பெயர். நிலந்தரு. நிலத்தைக் கொடுத்தவன் என்று இதைப் படிக்கக் கூடாது. கடல் கொண்ட நிலத்துக்கு ஈடாகப் புதிய நிலத்தை வென்று கொண்டு வந்தவன் என்று பொருள் சொல்வார்கள். பழந்தமிழில் தா என்பதற்குக் கொண்டு வா என்றும் அர்த்தம். பிரிங் என்ற சொல்லுக்குச் சரியான பழைய தமிழ்ச்சொல் ஒரு அரசனின் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

தா, கொடு வேறுபாடு மலையாளத்தில் இன்றும் அப்படியே உயிரோடு இருக்கிறது. எனக்கு என்றால் தரூ, அவனுக்கு என்றால் கொடுக்கூ. மாற்றிச் சொன்னால் மலையாளிகள் முகம் சுளிப்பார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் "எனக்குக் குடு" என்பது சாதாரணம். எல்லைப்புறத்தில் இருக்கும் எங்களுக்கு அது இன்னும் முழுசாகப் போகவில்லை. எங்கள் தெருவில் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கேட்பார்: "பிள்ளே, ரெண்டு கறிவேப்பில தா." நான் இணுங்கி நீட்டினால், பின்னால் நிற்கும் மகளைக் காட்டி, "அவகிட்டக் குடு, எனக்குக் கையெல்லாம் மீன்" என்பார். ஒரே கறிவேப்பிலை, ஒரே மதில். தனக்குத் தா, மகளுக்குக் குடு. அந்த அக்கா தொல்காப்பியம் படித்தவர் இல்லை. அவரை வகுப்பில் கொண்டு வந்து உட்கார வைத்தால் பிரிங், டேக் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தொல்காப்பியர் அதோடு விடவில்லை. பின்னால் எச்சவியலில் இன்னொரு இடத்தில், ஒன்றைத் தரச் சொல்லிக் கேட்கிறவர், தருகிறவரைவிடத் தாழ்ந்தவரானால் ஈ, ஒத்தவரானால் தா, உயர்ந்தவரானால் கொடு என்று மரியாதைக் கணக்கு ஒன்று வருகிறது. உயர்ந்தவர் தனக்கே கொடு என்று கேட்பதெப்படி, அது அவனுக்குரிய சொல்லாயிற்றே என்று கேள்வி எழும். அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: "தன்னைப் பிறன்போற் கூறுங் குறிப்பின்." பெரிய மனிதர் தன்னையே வேறொருவர் மாதிரி வைத்துப் பேசுகிறார், அதனால் கொடு பொருந்தும் என்கிறார். ஆபீஸ்களில் பெரிய அதிகாரிகள் "சாருக்கு ஒரு காபி குடு" என்று தன்னையே சார் என்று சொல்லிக் கேட்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் இந்தச் சூத்திரம் ஞாபகத்துக்கு வரும்.

இனி எடு. அதுதான் குழப்பத்தின் ஊற்று. பேச்சில் நாம் கொண்டு வா என்பதைவிட எடுத்துட்டு வா என்று அதிகம் சொல்கிறோம். இந்த எடுவை டேக் ஆக்கி, வாவைக் கம் ஆக்கினால் "டேக் அண்ட் கம்." தமிழர் பேசும் ஆங்கிலத்தில் இது ஒரு நிரந்தரக் குடியிருப்பாளர். "கோ அண்ட் டேக் அண்ட் கம்" என்று மூன்று வண்டி கோத்த ரயிலையும் கேட்டிருக்கிறேன். அதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது, ஃபெட்ச். போய், எடுத்து, கொண்டு வருவது. நாயைப் பந்து எடுத்து வரச் சொல்லும்போது மட்டும்தான் அந்தச் சொல் வரும் என்று நம் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் வகுப்பில் ஒரு ஏற்பாடு. வாக்கியத்தைத் தமிழில் நினைத்துக்கொள், எடுத்து என்பதைத் தூக்கிப் போடு, மிச்சம் நிற்பது வாவா போவா என்று பார். இந்த மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு என்பதால் குடை உதாரணம் எப்போதும் கைகொடுக்கும். வீட்டு வாசலில் அம்மா: "குட எடுத்தியா?" இங்கே வாவும் இல்லை, போவும் இல்லை. வெறும் எடு. இது டேக், அல்லது "ஹேவ் யூ காட் யுவர் அம்ப்ரெல்லா?" மழையில் நனையாமல் வகுப்பில் வந்து உட்கார்ந்தவளிடம் நான்: "குட கொண்டு வந்தியா?" இது பிரிங். வகுப்பு முடிந்து போகும்போது: "குடயக் கொண்டு போ, மறந்துராத." இது டேக். எடு என்பதற்கும் கொண்டு போ என்பதற்கும் ஆங்கிலம் ஒரே டேக்கை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. பட்டியல் எழுதியவர் இதில் முதல் பாதியை மட்டும் நமக்குச் சொன்னார்.

தமிழ் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிற ஒரு இடம் இருக்கிறது. இங்கே ஆங்கிலம்தான் ஏழை. பையைக் கொண்டு வரலாம். அம்மாவைக் கூட்டி வர வேண்டும். எங்கள் மேற்குப் பக்கத்தில் விளிச்சிட்டு வா என்பதும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டும் பிரிங்தான்: பையும் பிரிங், அம்மாவும் பிரிங். "கால் ஹிம் அண்ட் கம்" என்று பிள்ளைகள் சொல்வது கூட்டிட்டு வா, விளிச்சிட்டு வா என்பதன் நேர் நகல். அதைக் கேட்கும் வெளிநாட்டு டாக்டர், யாருக்கோ போன் பண்ணச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதைச் சொல்லும்போது இந்த வேறுபாட்டின் கனம் தெரியும். "அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்" என்றால் அப்பா நடந்து போயிருக்கிறார், பெரிதாக ஒன்றும் இல்லை, சுகர் பார்க்கப் போயிருக்கலாம். "கொண்டு போனோம்" என்றால் கேட்கிறவர் ஒரு நொடி நின்று முகத்தைப் பார்ப்பார். காரிலோ ஆம்புலன்ஸிலோ, தானாக நடக்க முடியாத நிலையில் என்று புரிந்துகொள்வார். "தூக்கிட்டுப் போனோம்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூன்று சொல், மூன்று அவசரம். மூன்றுக்கும் ஆங்கிலம் "வி டுக் ஹிம் டு ஹாஸ்பிடல்" என்று ஒரே முகத்தோடு நிற்கும். அவசரத்தைத் தனியாக ரஷ்ட் என்றோ, நடக்க முடியவில்லை என்றோ சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இதனால் கடிதம் எழுதும்போது ஒரு விளைவு உண்டு. தமிழில் நினைக்கிறவர் கொண்டு போனதிலேயே நிலைமையைச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு, "வாஸ் டேக்கன் டு" என்று எழுதி நகர்ந்துவிடுகிறார். படிக்கிற டாக்டருக்கு அவர் நடந்து வந்தாரா, ஸ்ட்ரெச்சரில் வந்தாரா என்பதே தெரிவதில்லை. வார்டிலும் கவனித்திருக்கிறேன். இங்கே அனுபவமுள்ள நர்சுகள் உறவினர்களிடம் "ஸ்கேனுக்குக் கொண்டு போறோம்" என்று சொல்வதைத் தவிர்ப்பார்கள். "ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறோம்மா" என்பார்கள், நோயாளி கட்டிலில் படுத்திருந்தாலும். அந்த ஒரு சொல்லில் பாதிப் பயம் குறையும்.

டேக்கின் மற்ற வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரத்தம் எடு, எக்ஸ்ரே எடு, போட்டோ எடு, லீவு எடு, நேரம் எடு எல்லாம் தமிழிலும் எடு, ஆங்கிலத்திலும் டேக். இதில் பாதி டேக்கைப் பார்த்து நம் எடு கற்றுக்கொண்ட வேலை. மாத்திரையை நம் பாட்டிமார் எடுக்கவில்லை. சாப்பிட்டார்கள், போட்டார்கள். இப்போது டாக்டரும் "எடுத்துக்குங்க" என்கிறார், நாமும் எடுத்துக்கொள்கிறோம். மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: க்ளாஸ் எடுக்கிறது. "ஐ டேக் கிளாசஸ் இன் அ நர்சிங் காலேஜ்" என்று நர்சிங் ஆசிரியை ஒருவர் சொன்னால், அமெரிக்கரின் காதில் அவர் மாணவியாகிவிடுவார். அங்கே க்ளாஸ் டேக் பண்ணுவது படிக்கிறவர். டீச் என்று சொல்லிவிட்டால் வம்பே இல்லை.

பிறந்த கதையைப் பார்த்தாலும் இந்த இரண்டு சொற்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை. பிரிங் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது, ஜெர்மனிலும் அதன் உடன்பிறப்பு இருக்கிறது. டேக் வைக்கிங்குகளோடு கப்பலேறி வந்த நார்ஸ் மொழிச் சொல். அதற்கு முன் ஆங்கிலத்தில் எடு என்பதற்கு நிமன் என்று ஒரு சொல் இருந்தது. வந்தது இருந்ததை வெளியேற்றிவிட்டது. மரத்துப்போன கைக்கு நம்ப் என்கிறார்களே, அது நிமனின் மிச்சம்: உணர்வு எடுக்கப்பட்டது என்று பொருள்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பல இடங்களில், குறிப்பாக நியூயார்க் வட்டாரத்தில், "பிரிங் திஸ் டு த லைப்ரரி" என்று மூன்றாவது இடத்துக்கும் பிரிங் போடுவது சகஜம். அயர்லாந்தில் இன்னும் தாராளம். "ஐ வில் பிரிங் யூ டு த ஏர்போர்ட்" என்பார்கள், ஏர்போர்ட்டில் அவரும் இல்லை, நீங்களும் இல்லை. ஐரிஷ் மொழியின் பழக்கம் ஆங்கிலத்தில் ஏறியது என்று சொல்வார்கள். அந்த மொழியில் ஒரு வினை, கொடு என்பதற்கும் கொண்டு வா என்பதற்கும் சேர்த்து வேலை செய்கிறது. நம்முடைய பழைய தா செய்ததும் இதைத்தானே. நிலந்தரு பாண்டியனை டப்ளினில் இறக்கிவிட்டால் பெயரைச் சரியாகப் புரிந்துகொள்ளும் ஊர் அது.

என்னிடம் படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போன ஒருத்தி போன வருஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "டீச்சர், இங்க எல்லாத்துக்கும் பிரிங்தான் சொல்லுகாவ. பேஷண்ட எக்ஸ்ரேக்கு பிரிங், பிள்ளைய ஸ்கூலுக்கு பிரிங். நான் டேக் சொன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாவ, ஆனா நான் மட்டும் தனியா நிக்க மாதிரி இருக்கு. நானும் பிரிங்னே சொல்லட்டா?"

"தாராளமாச் சொல்லு மக்களே" என்று பதில் அனுப்பினேன். "ஆனா உன் தங்கச்சிக்கு அடுத்த மாசம் பரீட்சை. அவகிட்ட மட்டும் வாயத் திறக்காத."